கடைசித் தூண்

ஐந்து நாள், ஐந்து மாரத்தான். அடிலெய்டுக்கு மேற்கே இருக்கிற தீபகற்பத்தின் மேற்குக் கரை நெடுக, வடக்கிலிருந்து தெற்கே. முதல் வருடம் பதினொரு பேர் கிளம்பினோம். இப்போது எழுபது பேர் வருகிறார்கள். ஒரு வருடமும் விடாமல், ஒரு நாளும் தவறாமல் ஓடி முடித்தவர்கள் இரண்டே பேர். நானும் ராய்ஸும். இது இருபதாவது வருடம்.

விதிகள் இரண்டுதான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஒரு நாள் ஓட்டத்துக்கு எட்டு மணி நேரம். அதற்குமேல் ஒரு நிமிடம் ஆனாலும் அந்த வருடம் கணக்கில் வராது. இரண்டாவது, கடற்பாலம். ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிகிற ஊரில் ஒன்று இருக்கும். மரப்பலகைப் பாலம், முன்பு கப்பலுக்குப் பார்லி ஏற்றியது. அதன் முனைவரை ஓடி, கடைசித் தூணைக் கையால் தொட்டுத் திரும்ப வேண்டும். பிறகு ஊர்க் கால்பந்து மன்றக் கட்டடம். கடிகாரம், சூப், படுக்கை எல்லாம் அங்கே.

தூணருகே யாரும் நின்று பார்ப்பதில்லை. தொட்டாயா என்று யாரும் கேட்டதில்லை.

நான் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவன். ராய்ஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஓட்டத்திலும் அவன் பெயர் பஸ்தான். ஏற்றமானாலும் காற்றானாலும் கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம். கடிகாரம் கட்டமாட்டான். காலுக்குத் தெரியும் என்பான். அவன் பின்னால் ஆட்கள் சேர்வார்கள். முதல் நாள் ஆறு பேர், இரண்டாம் நாள் பன்னிரண்டு, கடைசி நாள் இருபது.

"பஸ்ல எடம் இருக்கா?" என்பார்கள்.

"பின்னாடி ஏறு. ஜன்னல் சீட்டு கேக்காதே."

நான் அவனைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் முடிப்பவன். நான் வரும்போது பெட் மட்டும் கை தட்டுவாள். அவள்தான் இந்த ஓட்டத்தை நடத்துகிறாள். சூப் அப்போது கொதித்திருக்காது. ராய்ஸ் வரும்போது ஐம்பது பேர் வாசலில் நிற்பார்கள். தட்டுகளைத் தட்டுவார்கள். கணப்புக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் வைத்திருப்பார்கள். கறி வைத்துச் சுட்ட பேஸ்டி தீர்ந்துபோனால் யாராவது தன்னுடையதில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பார்கள்.

ஒரு வருடம் ஒருத்தி என்னைக் கேட்டாள். "ராய்ஸோட இன்னொருத்தர் உண்டுன்னு சொன்னாங்களே, அது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

இந்த வருடம் மூன்றாம் நாள் எதிர்க்காற்று. முடித்து, சூப் குடித்து, கடலுக்குப் போனேன். குளிர்ந்த நீரில் இடுப்புவரை நின்றால் கால் வீக்கம் வடியும். மற்றவர்கள் கூட்டமாக, கத்திக்கொண்டு இறங்குவார்கள். நான் முன்பே போய்த் தனியாக நிற்பேன். அன்று பாலத்தை ஒட்டி, முனைவரை பலகையும் தூண்களும் முழுக்கத் தெரிகிற இடத்தில் நின்றிருந்தேன்.

ஒன்றரை மணிக்கு ராய்ஸ் பாலத்தில் வந்தான். கூட இமோஜன். அடிலெய்டில் எக்ஸ்ரே எடுக்கிற பெண், முதல் முறையாக வந்தவள். அன்று அவளுக்கு வயிறு சரியில்லை. மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு அவன் அவளோடு பின்தங்கி வந்தான்.

முனைக்கு முப்பதடி இருக்கும்போது அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். கணவாய் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் தூண்டிலை நகர்த்திக்கொண்டார்கள். ராய்ஸ் அவளுடைய தொப்பியை வாங்கிப் பிடித்துக்கொண்டான். கிழவர்களில் ஒருவர் ஏதோ சொன்னார். ராய்ஸ் சிரித்தான். அவளும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இருவரும் கரையைப் பார்த்துத் திரும்பி ஓடினார்கள்.

தூணைத் தொடவில்லை.

நான் அசையாமல் நின்றேன். அவர்கள் என் தலைக்கு மேலே பலகையில் தடதடவென்று போனார்கள். கடல் குளிராகவே தெரியவில்லை.

அவனை ஏமாற்றுக்காரன் என்று நினைக்கவில்லை. மறந்துவிட்டான். அது எனக்குத் தெரியும். ஆனால் தொடவில்லை. தொடாதவனுக்கு அந்த நாள் இல்லை. அந்த நாள் இல்லாதவனுக்கு இந்த வருடம் இல்லை. இருபது வருடமும் முடித்தவன் ஒருவன்தான்.

மன்றக் கட்டடத்துக்குத் திரும்பினேன். சூப்புக்கு வரிசை நின்றது. ராய்ஸ் வரிசையில் யாருடைய தோளிலோ கை போட்டபடி நின்றான். நான் என் மூலைக்குப் போய், காதில் பஞ்சு வைத்துப் படுத்தேன். மதியம் தூங்குவது என் வழக்கம். அன்று உடனே தூங்கிப்போனேன்.

நான்காம் நாள் நன்றாக ஓடினேன். பல வருடங்களில் அப்படி ஓடியதில்லை. கால் தானாகப் போனது. வாய்க்குள் ஒரு மிட்டாயை வைத்துக்கொண்டு ஓடுவது போல இருந்தது. அன்று பெட் கை தட்டியதற்குக் கையை உயர்த்திக்கூடக் காட்டினேன்.

மதியம் ராய்ஸ் நொண்டிக்கொண்டு வந்தான். முழங்கால் வீங்கியிருந்தது. நான்கு பேர் ஐஸ் தேடி ஓடினார்கள். ஒருவன் ஊர் மதுக்கடையிலிருந்து ஒரு மூட்டையே கொண்டுவந்தான். இமோஜன் அவன் காலைத் தன் மடியில் வைத்துப் பட்டி சுற்றினாள்.

"இதுக்கு எக்ஸ்ரே எடுத்தா என்னம்மா தெரியும்?" என்றான் ராய்ஸ்.

"உங்க வயசு தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் இரண்டாம் நாள் கால் நகம் பெயர்ந்திருந்தது. நானே கத்தரித்து, நானே கட்டுப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் பெட்டைத் தேடிப் போனேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் நேரத் தாளை எழுதிக்கொண்டிருந்தாள்.

"பெட், ஒரு விஷயம்."

"சொல்லு, ஹெட்லி. இன்னொரு நகமும் போச்சா?"

"ராய்ஸ் நேத்து தூணைத் தொடல."

பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். தண்ணியில நின்னுக்கிட்டிருந்தேன். முப்பதடி முன்னாலயே திரும்பிட்டான்."

"இமோஜன்?"

அவளை நான் நினைக்கவே இல்லை. "அவளுந்தான்" என்றேன்.

"நேத்து பாத்ததை இன்னைக்கு சொல்றே."

"யோசிச்சேன்."

"ம்" என்றாள். மூன்றாம் நாள் தாளை எடுத்து என் பக்கம் திருப்பினாள். ராய்ஸ், ஆறு மணி நேரம் நாற்பத்திரண்டு நிமிடம். அதை அடித்துவிட்டு, ஏழு இருபத்தாறு. இமோஜன் பெயருக்கு எதிரிலும் அதேதான்.

"இதை நேத்தே செவத்துல ஒட்டிட்டேனே. பாக்கலையா?"

நான் முதல் பத்து வரியைத்தான் பார்ப்பேன்.

"சூப்புக்கு நின்னாங்க" என்றாள் பெட். "அந்தத் தூண் மேல பூரா நீர்க்காகத்தோட எச்சம். உனக்குத்தான் தெரியுமே. ஆளாளுக்குக் கை நாறுதுன்னு பொலம்பிக்கிட்டு நின்னாங்க. ராய்ஸ் அவன் கையை மோந்து பாத்தான். அப்புறம் இமோஜன் கையைப் புடிச்சு மோந்து பாத்தான். 'அடி பாவி, நம்ம ரெண்டு பேர் கை மட்டும் மணக்குதே, தொடவே இல்லையே'ன்னான். நேரா எங்கிட்ட வந்து சொல்லிட்டான். அப்ப எட்டு மணி நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. திரும்ப ஓடினாங்க. தொட்டுட்டு வந்தாங்க. கூட பதினாலு பேர் போனாங்க."

"பதினாலு பேரா?"

"சூப்பை அப்படியே வச்சிட்டு. பாதிப் பேர் செருப்போட."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீ காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தே."

"எழுப்பியிருக்கலாம்."

"ஒருத்தன் எழுப்பட்டுமான்னு கேட்டான். நாந்தான் வேணாம்னேன். போன தடவை எழுப்புனவனை நீ என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் மறுபடியும் பென்சிலை எடுத்தாள். நான் போகவில்லை.

"ராய்ஸ்கிட்ட சொல்லப் போறியா?"

"நீ இப்படிக் கேக்காம இருந்திருந்தா, சொல்லணுமான்னு யோசிச்சிருப்பேன்." தாளில் எதையோ எழுதினாள். "அடுத்த வருஷத்துலேர்ந்து தூண்கிட்ட ஒரு ஆள் போடணும். இருபது வருஷமா அது தேவைப்படல. இப்ப கேள்வின்னு ஒண்ணு வந்தாச்சு."

படுத்துக்கொண்டு அந்தப் பதினான்கு பேர் யார் யாராக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மண்டபத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவன் போயிருப்பான். இவள் போயிருப்பாள். பதினான்கு பேர் சேர்ந்து செருப்போடு பாலத்தில் ஓடியிருக்கிறார்கள். என்ன பேசியிருப்பார்கள், எதற்குச் சிரித்திருப்பார்கள். தூணை யார் முதலில் தொட்டிருப்பார்கள். அவர்கள் முன்பே தொட்டவர்கள். தேவையே இல்லாமல் இரண்டாம் முறை தொட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் நான் முடித்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கடைசி நாள் மட்டும் பாலத்தின் முனையிலேயே முடிவு. பெட் அங்கே கடிகாரத்தோடு நின்றாள். தூணைத் தொட்டேன்.

"இருபது" என்றாள் அவள். கை குலுக்கினாள். வேறு யாரும் இல்லை.

கடைசி நாள் ஒரு வழக்கம் உண்டு. முடித்தவர்கள் வந்த வழியே திரும்பி நடந்து, பஸ்ஸை எதிர்கொண்டு கூட்டிவருவார்கள். நான் ஒருமுறையும் போனதில்லை. குளித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பேன். இந்த முறை போனேன். பெட்டின் கண்ணெதிரே இரண்டு மணி நேரம் இருக்க முடியவில்லை.

முடிவுக்கு மூன்று கிலோமீட்டர் என்ற பலகைக்குப் பக்கத்தில் பஸ்ஸைப் பார்த்தேன். பார்லி வயல்களுக்கு நடுவே செம்மண் சாலை. ராய்ஸ் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். சுற்றிலும் முப்பது பேர். முடித்தவர்கள், முடிக்காதவர்கள், எல்லாரும் கலந்திருந்தார்கள். ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.

"அட, ஹெட்லி" என்றான் ராய்ஸ். "இருபது வருஷத்துல மொத தடவையா பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கிறே."

"டிக்கெட் எடுத்தாரான்னு கேளுங்க" என்றான் பாடியவன்.

"அவன் டிக்கெட் செக்கர்டா. அவனுக்கு ஃப்ரீ."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது வெறும் கிண்டல். ராய்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பெட் சொல்லிவிட்டாள்.

சிறிது தூரம் அவன் பக்கத்தில் நடந்தேன். மற்றவர்கள் கொஞ்சம் முன்னால் போனதும் அவன் குரலைத் தணித்தான்.

"ஒரு நாள் முழுக்க எப்படிய்யா வாய்க்குள்ளயே வச்சிருந்தே? நானா இருந்தா கரையேறுறதுக்கு முன்னாடியே கத்தியிருப்பேன்."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. முட்டி வலி நின்னதும் படலாம்னு இருக்கேன்."

அவ்வளவுதான். மேற்கொண்டு சொல்லவில்லை. முன்னால் போனவர்களிடம் ஏதோ ஆட்டைப் பற்றிக் கத்தினான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவனுக்கு இதுவுமா சுலபமாக வர வேண்டும்?

அப்போதுதான் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். பலகையருகே சேர்ந்தபோது இரண்டு இருபத்தொன்று. ஏழு மணிக்குக் கிளம்பினோம். மூன்று மணிக்கு எட்டு மணி நேரம் முடிகிறது. நடுவில் ஒரு வேலியருகே படம் எடுக்க நின்றார்கள். இமோஜனின் ஷூ நாடா அவிழ்ந்தது. இரண்டு கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோது இரண்டு முப்பத்தாறு. ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் போயிருந்தது. நிற்காமல் நடந்தாலும் அவர்கள் வேகம் பதினான்கரை. பாலத்தின் முனைக்குப் போகும்போது மூன்று மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

முப்பது பேர் மணிக்கட்டிலும் கடிகாரம் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியவர்கள் மணி பார்ப்பதில்லை. அது எப்போதும் நேரத்துக்குப் போய்ச் சேரும். ராய்ஸ் தன் காலைக் கேட்டுக்கொண்டு நடந்தான். இன்று அந்த முழங்கால் அவனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் கூட நடந்தால் போதும். தொடாத தூணைப் பற்றி யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம். குற்றம் யார் மேலும் வராது.

இருபதடி பேசாமல் நடந்தேன். இன்னும் இருபதடி.

பிறகு அதை மனதுக்குள் பார்த்தேன். மூன்று மணி ஐந்து நிமிடம். தூணருகே ராய்ஸ் உட்கார்ந்திருக்கிறான். முப்பது பேரும் அவனைச் சுற்றி அழுகிறார்கள். அடுத்த வருடம் அதைத்தான் பேசுவார்கள். அதற்கடுத்த வருடமும். ஐந்து நிமிடத்தில் இருபதைத் தவறவிட்ட ராய்ஸ். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையைச் சொல்வார்கள். கேட்டவர்கள் வந்து அவன் தோளைத் தொடுவார்கள். இருபது வருடமும் முடித்தவன் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

முடித்துவிட்டால் அவன் வெறும் இருபது. என்னைப் போல.

"ராய்ஸ், மணி என்னன்னு தெரியுமா?"

"பஸ்ஸுக்கு எதுக்குய்யா மணி?"

"ரெண்டு முப்பத்தேழு. இப்படியே போனா நீ அஞ்சு நிமிஷம் லேட்."

பாட்டு நின்றது. முப்பது பேரும் மணிக்கட்டைத் திருப்பினார்கள். இமோஜன் வாயில் கை வைத்தாள்.

"கிலோமீட்டருக்குப் பதினொன்றரை" என்றேன். "அதுக்கு மேல ஒரு செகண்ட் போகக் கூடாது."

ராய்ஸின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. "எனக்கு வேகம் தெரியமாட்டேங்குது, ஹெட்லி. நீ முன்னாடி போ. உன் முதுகைப் பாத்துக்கிட்டே வர்றேன்."

முன்னால் போனேன். மெதுவாக ஓடுவது எனக்குக் கஷ்டம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். பின்னால் முப்பது ஜோடிக் கால்கள். இருபது வருடத்தில் அந்தச் சத்தத்தை முதுகில் கேட்டதில்லை. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர்கள் பேசுவது கேட்டது.

"வந்துருங்க ராய்ஸ், வந்துருங்க."

"தோ, பாலம் தெரியுது பாருங்க."

"மூச்சை விடுங்க. விட்டு இழுங்க."

அவர்கள் என் பின்னால் ஓடவில்லை. என் பின்னால் ஓடியவன் பின்னால் ஓடினார்கள்.

பாலம் குறுகல். வாயிலில் ஒதுங்கி ராய்ஸுக்கு வழி விட்டேன். அவன் போனான். அவன் பின்னால் எல்லாரும் போனார்கள். நான் கடைசியில் நடந்தேன். அவன் தூணைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. இரண்டு ஐம்பத்தொன்பது என்று பெட் கத்தினாள்.

நான் போனபோது ராய்ஸ் தூணில் சாய்ந்து பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். முன்பே முடித்து நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பாலத்தின் முனை நிறைந்துவிட்டது.

"இதோட போதும்" என்றான் ராய்ஸ். "உள்ள எலும்பும் எலும்பும் ஒரசுது. டாக்டர் போன வருஷமே சொன்னார். அடுத்த வருஷம் நான் ஓட வரல." கூட்டத்துக்கு மேலே என்னைத் தேடிப் பார்த்தான். "இருபத்தொண்ணு ஹெட்லியோடது. அவன் மட்டுந்தான்."

சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவன் முதுகில் தட்டினான். கேட்டது கிடைத்துவிட்டது. அதை நன்றாக உணர்ந்துகொள்ள நான்கு மூச்சு நேரம் இருந்தது.

"ஓட வரலைன்னா சும்மா இருக்கலாம்னு பாக்காதே" என்றாள் பெட். "உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்."

"என்ன வேலை?"

"அடுத்த வருஷத்துலேர்ந்து தூண்கிட்ட ஒரு ஆள் ஒக்காரணும். எல்லாரும் தொடறாங்களான்னு பாக்கணும்." அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

"அஞ்சு பாலத்துலயுமா?"

"அஞ்சுலயும். மடக்கு நாற்காலி நான் தர்றேன்."

"பீர்?"

"அதை நீ கொண்டுவா."

கூட்டம் சிரித்தது. ராய்ஸ் யோசித்தான். "அப்ப தூணை எதுக்குத் தொடணும்? என் கையைத் தொடட்டும். எனக்கும் யார் வந்தாங்க, யார் வரலைன்னு மறக்காது."

"இது நல்லா இருக்கே" என்றாள் பெட்.

எழுபது பேர், ஐந்து நாள், ஐந்து பாலம். ஒவ்வொன்றின் முனையிலும் ராய்ஸ். ஒவ்வொருவரும் அவனை நோக்கி ஓடுவார்கள். நானும் ஓட வேண்டும். மற்றவர்களுக்கு முன்பே போய்ச் சேர்வேன். யாரும் இல்லாத பாலத்தில் அவன் கையை நீட்டுவான். நான் தொட வேண்டும்.

"இப்பவே ஒரு ஒத்திகை" என்று இமோஜன் குனிந்து அவன் உள்ளங்கையில் அடித்தாள். அவளுக்கு அடுத்தவன் அடித்தான். அதற்கடுத்தவள். யாரும் சொல்லாமலே பாலத்தின் மேல் வரிசை உண்டாகிவிட்டது. வரிசையை விட்டு விலகிக் கரைக்குப் போக ஓரத்தில் வழி இருந்தது.

நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவன் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஏதோ பேசினான்.